பறப்பதைச் சுடுதல்: அடையாற்று வடகரையிலிருந்து ஒரு வரலாறு

மயிலாப்பூருக்குத் தெற்கே அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டிக் கிடக்கும் ராஜா அண்ணாமலைபுரத்திற்கு, 1929இல் 'ராஜா' பட்டம் பெற்ற செட்டிநாட்டு அண்ணாமலை செட்டியாரின் பெயர் அமைந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்பு நெடுங்காலம் இந்த ஆற்றங்கரை, கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர்களும் வணிகர்களும் கோட்டையின் நெரிசலை விட்டு விலகிக் கட்டிக்கொண்ட தோட்ட வீடுகளின் நிலமாக இருந்தது. கம்பெனியின் கணக்கு அதிகாரியான ஜார்ஜ் மௌப்ரே எழுப்பிய கும்மட்ட வீடும், ஜேம்ஸ் பிராடி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டி, பின்னாளில் அரசு இசைக் கல்லூரியின் இருப்பிடமான மாளிகையும் அவற்றுள் எஞ்சி நிற்பவை. 1867இல் தொடங்கிப் பின்னர் இக்கரையில் நிலைபெற்ற படகுக் கழகமும், 1890இல் மௌப்ரேயின் வீட்டிலேயே உருவாகி 1963இல் மெட்ராஸ் கிளப்போடு இணைந்த அடையாறு கிளப்பும் அந்த வாழ்க்கையின் ஓய்வு நேரம் எவ்வாறு கழிந்தது என்பதற்குச் சான்று கூறுகின்றன. துடுப்புக்கும் குதிரைக்கும் அடுத்தபடியாக அன்றைய சென்னை வெள்ளையரின் ஓய்வு நேரத்தை ஆண்டது துப்பாக்கி. செப்டம்பர் முதல் மார்ச் வரையிலான பருவத்தில் அந்தத் துப்பாக்கி தேடிச் சென்றது, ஏறத்தாழ 100 கிராம் எடையே உள்ள உள்ளான் என்னும் சிறு பறவையை.

உள்ளான் வடக்கிலிருந்து வலசை வருவது. ஈர மண்ணில் நீண்ட அலகைச் செருகிப் புழு தேடுவது. காய்ந்த கோரையின் நிறத்தை முதுகில் வரிவரியாகத் தாங்கியிருப்பதால், காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குப் புலப்படாதது. தென்னிந்தியாவிற்கு வருபவற்றுள் இரண்டு இனங்கள் முதன்மையானவை. முதலில் வந்து சேர்வதும் தெற்கே மிகுதியாகக் காணப்படுவதும் ஊசிவால் உள்ளான். அதன் வாலின் ஓர இறகுகள் குண்டூசிபோல் மெலிந்திருக்கும், வாலிறகுகளின் மொத்த எண்ணிக்கை 26 அளவில் இருக்கும். சற்றுப் பிந்தி வரும் விசிறிவால் உள்ளானுக்கு வாலிறகுகள் 14 அளவில்தான் உண்டு. உவர்நீர் ஏறி இறங்கும் கழிமுகச் சேறு இவ்விரண்டுக்கும் உகந்ததன்று. ஏரியின் நன்னீர் ஓரம், அறுவடைக்குப் பின் ஈரம் காயாத நெல்வயல், கோரை மண்டிய தாழ்நிலம் ஆகியவையே அவற்றின் மேய்ச்சல் இடங்கள். அத்தகைய நிலம் அன்றைய சென்னையில் தொலைவில் இல்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர்ப் பக்கம் வரை பல கிலோமீட்டர் நீண்டு கிடந்த பெரிய ஏரி, 1920களில் வடிக்கப்பட்டு அதன் படுகையில் தியாகராய நகர் எழும்வரை, நகரின் மேற்கு எல்லையாகவே இருந்தது. ஆற்றுக்குத் தெற்கே வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எனச் சதுப்பும் வயலும் தொடர்ந்தன.

இப்பறவையைச் சுடுவது கடினம் என்ற பெயரே ஒரு சொல்லை உலகுக்குத் தந்தது. ஆங்கிலத்தில் 'ஸ்னைப்' என்பது உள்ளானின் பெயர். இந்தியாவில் பணிபுரிந்த பிரிட்டிஷ் படையினர் 1770களிலேயே உள்ளான் வேட்டைக்குச் செல்வதைக் குறிக்க அதை வினைச்சொல்லாக்கினர். மறைந்திருந்து குறிதவறாமல் சுடும் படைவீரரைக் குறிக்கும் 'ஸ்னைப்பர்' என்ற சொல் அதிலிருந்தே பிறந்தது. ஆயினும் இன்றைய ஸ்னைப்பரின் திறனும் உள்ளான் வேட்டைக்காரரின் திறனும் ஏறக்குறைய எதிரெதிரானவை என்பது கவனிக்கத்தக்கது. முன்னவர் அசையாது படுத்து, மூச்சடக்கி, ஒரே குண்டை ஒரே புள்ளியில் செலுத்துகிறார். பின்னவரோ நடந்துகொண்டிருக்கும்போதே எழும் பறவையை, நின்று நிதானிக்க நேரமின்றி, உடல் முழுவதையும் சுழற்றிச் சுடவேண்டியிருந்தது.

அதற்கென்று அமைந்த கருவியே ரவைத் துப்பாக்கி. ஒற்றைக் குண்டுக்குப் பதிலாக ரவை எனப்படும் சிறு ஈயமணிகள் பல நூற்றைக் கூட்டமாகச் செலுத்துவது இது. உள்ளானுக்கு உகந்ததாகக் கருதப்பட்ட 8ஆம் எண் ரவையில் ஓர் அவுன்சுக்கு ஏறத்தாழ 450 மணிகள் இருந்தன. குழலின் அளவைக் குறிக்கும் '12 போர்' என்ற வழக்கு, ஒரு ராத்தல் ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஒன்று எந்தக் குழலில் பொருந்துமோ அந்தக் குழல் என்று பொருள்படும். அதன் விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். ரவைக்கூட்டம் பரவிச் செல்வதால் குறி சிறிது பிசகினாலும் பறவை விழும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் எண்ணக்கூடும். கணக்கு அவ்வாறு இடம் தருவதில்லை. 30 மீட்டர் தொலைவைக் கடக்க ரவைக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவு நேரம் தேவை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் பறவை அதற்குள் ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். சுடலாம் என்று மனம் முடிவெடுத்த கணத்திலிருந்து விரல் விசையை இழுக்கும் கணம் வரையிலான இடைவெளியில் அது இன்னும் பல அடி முன்னே போயிருக்கும். ஆகவே பறவை இருக்கும் இடத்தைச் சுடுபவர், பறவை இருந்த இடத்தையே சுடுகிறார். பறவைக்கு முன்னே விடவேண்டிய இந்த இடைவெளியை முன்தூரம் எனலாம். பறப்பதைச் சுடும் கலை அனைத்தும் இந்த முன்தூரத்தைக் கணிப்பதில் அடங்கியுள்ளது.

அதைக் கணிக்கும் முறைகள் துப்பாக்கியோடு சேர்ந்தே மாறிவந்தன. சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் பழைய துப்பாக்கியில், குதிரை எனப்படும் சுத்தியல் விழுந்து, கிண்ணத்து மருந்து பற்றி, அந்தத் தீ குழலுக்குள் நுழையும்வரை உணரத்தக்க தாமதம் இருந்தது. கிண்ணத்தின் மின்னலைக் கண்டதும் நீர்ப்பறவைகள் முங்கி விடுவதைப் பார்த்துச் சலித்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், அடித்தவுடன் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். உலகப் போர்களின் துப்பாக்கிகளுக்கு அடிப்படையான ஒரு கண்டுபிடிப்பு, பறவை தப்பிப்போகிறதே என்ற ஒருவரின் ஆதங்கத்திலிருந்து தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பின்பக்கம் திறந்து தோட்டா இடும் துப்பாக்கி பரவியது. 1870களில் குழலின் வாயைச் சற்றே ஒடுக்கி ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தும் 'சோக்' முறை செம்மையுற்று, 40 கெஜத் தொலைவில் 30 அங்குல வட்டத்துக்குள் ரவையில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை நிறுத்த முடிந்தது. புகையில்லா மருந்து வந்தபின், முதல் வெடியின் புகைமூட்டம் இரண்டாம் குழலின் பார்வையை மறைக்கும் தொல்லையும் ஒழிந்தது.

கருவி விரைவடைந்ததும் உடல் செய்யவேண்டிய வேலை தெளிவாயிற்று. முன்தூரத்தை அமைக்க மூன்று வழிகள் உண்டு. குழலின் முனையைப் பறவைக்குப் பின்னாலிருந்து தொடங்கி, அதன் பாதையிலேயே அதைவிட வேகமாகச் சுழற்றி, பறவையைக் கடந்த கணத்தில் விசையை இழுப்பது ஒன்று. இதில் தூரத்தைக் கண் அளப்பதில்லை, சுழற்சியின் வேகமே அளந்து தருகிறது. தொடக்கத்திலிருந்தே பறவைக்கு முன்னால் குறிப்பிட்ட இடைவெளியில் குழலை நிறுத்தி, அந்த இடைவெளி மாறாமல் உடன் செலுத்திச் சுடுவது இரண்டாவது. பறவை வந்து சேரப்போகும் ஓரிடத்தைக் கணித்து, துப்பாக்கி தோளில் படிந்த அக்கணமே அந்த இடத்தைச் சுட்டுவிடுவது மூன்றாவது. இம்மூன்றில் எதைக் கைக்கொண்டாலும் சில விதிகள் மாறுவதில்லை: இரண்டு கண்களும் திறந்திருக்கவேண்டும், பார்வை குழலின் நுனியில் அன்றிப் பறவையிலேயே பதிந்திருக்கவேண்டும், கட்டை கன்னத்தில் படிந்தபின் தலை தூக்கப்படலாகாது, சுழற்சி கைகளிலிருந்து அன்றி இடுப்பிலிருந்து எழவேண்டும், விசையை இழுத்த பின்னும் சுழற்சி ஓயக்கூடாது. இறுதி விதியே மிகுதியாக மீறப்படுவது. வெடிக்கும் கணத்தில் குழலை நிறுத்திவிடுபவர் முன்தூரம் முழுவதையும் இழந்து, பறவைக்குப் பின்னால் சுட்டுவிடுகிறார்.

உள்ளான் இந்த விதிகள் அனைத்தையும் சோதித்தது. மனிதர் மிக அருகில் வரும்வரை அசையாதிருந்து, கரகரத்த ஒற்றைக் குரலுடன் திடீரென எழுந்து, முதல் இருபது முப்பது மீட்டர் இடமும் வலமுமாக நெளிந்து பறந்து, அதன் பின்னரே நேர்ப்பாதையில் உயரும் பறவை அது. நெளியத் தொடங்குமுன் எழுந்த கணத்திலேயே சுட்டுவிடவேண்டும் என்பார் ஒரு சாரார். அவர்களுக்கு உரியது மூன்றாம் வழி. நெளிவு ஓய்ந்து பாதை நேராகும்வரை பொறுத்து, பின்னாலிருந்து சுழற்றிச் சுடவேண்டும் என்பார் மறுசாரார். பொறுத்தவர்க்கு நேர்ப்பாதை கிடைத்தது, தொலைவும் கூடியது. ஊசிவால் உள்ளான் விசிறிவாலைக் காட்டிலும் குறைவாக நெளிவது என்பதால், இந்த வழக்கு வடக்கில் ஒருவகையாகவும் தெற்கில் மற்றொருவகையாகவும் தீர்ந்திருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு. காற்றை முதுகில் வாங்கி நடக்கவேண்டும் என்பதில் மட்டும் இருசாராரும் ஒத்துப்போயினர். உள்ளான் காற்றை எதிர்த்தே எழுவதாகையால், பின்காற்றில் நடப்பவரை நோக்கி எழுந்து, ஒரு கணம் காற்றில் தயங்கிப் பின் பக்கவாட்டில் திரும்பும். இவற்றையெல்லாம் செய்யவேண்டிய மனிதரின் கால்களோ முழங்கால்வரை சேற்றில் புதைந்திருக்கும். இடுப்பைச் சுழற்ற ஊன்றுகால் உறுதியாக இருக்கவேண்டும் என்ற விதி, வழுக்கும் வயல் வரப்பில் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

அந்தச் சேற்றில் துப்பாக்கியோடு நடந்தவர் ஒருவர் என்றால், இருபுறமும் வரிசை பிடித்து நடந்து பறவையை எழுப்பியவர்களும், விழுந்த பறவை கோரைக்குள் எங்கே கிடக்கிறது என்று கண்டெடுத்தவர்களும் பலர். அவர்கள் உள்ளூர் உழவர்களும் சிறுவர்களும் ஆவர். வேட்டை நூல்கள் பறவைகளின் எண்ணிக்கையை ஒன்றுவிடாமல் எழுதி வைத்தன. இம்மனிதர்களின் பெயர்களை எழுதவில்லை. எந்த வயலில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, எங்கே உள்ளான் இறங்கும் என்ற அறிவு அவர்களுடையது. இக்கலையின் வரலாற்றை வெள்ளையரின் வரலாறாக மட்டும் எழுதுவது பிழை.

நகரும் இலக்கைத் தாக்கும் திறனும் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. கவண் சுற்றிக் கல் எறிந்து தினைப்புனத்துக் கிளிகளை விரட்டிய பழைய வழக்கை ஒருபுறம் வைத்தாலும், சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளில் வழங்கிய வளரி இங்குச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. ஒருமுனை பருத்தும் மறுமுனை மெலிந்தும் பிறைபோல் வளைந்த இந்த எறிபடையை, மரத்தாலும் சில வேளை இரும்பாலும் செய்து, ஓடும் முயலின் கால்களைக் குறிவைத்துச் சுழற்றி எறிந்தனர். சுழலும் வளரி ஒரு புள்ளியைத் தாக்காமல் ஓர் அகலத்தையே வாரிச் செல்வதால், ரவைக்கூட்டம் செய்யும் வேலையை அது முன்னரே செய்தது எனலாம். சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றுக்கொண்டதைப் பிற்காலத்தில் அவரை எதிர்த்துப் போரிட்ட கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். புதுக்கோட்டை அரண்மனையின் ஆயுதக் கிடங்கில் வளரி இருப்பு வைக்கப்பட்டிருந்த செய்தி, சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் காணப்படுகிறது.

குருவிக்காரர் என்ற பெயராலும் அறியப்பட்ட நரிக்குறவர் சமூகத்தினர் கண்ணியும் வலையும் வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியும் கொண்டு பறவை பிடித்து வாழ்ந்தனர். பறக்கும் பறவையை மட்டுமே சுடுவது பெருந்தன்மை, உட்கார்ந்திருப்பதைச் சுடுவது இழிவு என்ற விதியை வகுத்த துரைமார், இம்மக்களை வேட்டையின் கண்ணியம் அறியாதவர்களாகக் கருதினர். ஒரு வெடிக்கு உரிய மருந்தும் ரவையும் ஒரு வேளை உணவின் விலைக்குச் சமமாக இருக்கும் ஒருவருக்கு, அமர்ந்திருக்கும் பறவையை விட்டுவிட்டு அது எழும்வரை காத்திருக்கும் வசதி இல்லை என்பதை அந்த விதி எண்ணிப்பார்க்கவில்லை. பறப்பதைச் சுடும் கலை, தவறவிடும் வசதி படைத்தவரிடமே வளர முடிந்தது.

துப்பாக்கியை எதிர்த்து எழுந்த குரலும் இதே வட்டாரத்தில் பழமையானது. சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேடந்தாங்கலில், ஏரிக் கடப்ப மரங்களில் கூடு கட்டும் பறவைகளைப் படையினர் சுட்டபோது, ஊர்மக்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேசிடம் முறையிட்டு, 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்ற அவர்களது அறிவு அந்த முறையீட்டின் அடியில் இருந்தது.

வேட்டைக்காரரே வேட்டையை விட்டு விலகிய வரலாறும் உண்டு. இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் வேட்டைப் பறவைகளைப் பற்றி மார்ஷல் என்பவருடன் இணைந்து 1879 முதல் 1881 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். காங்கிரஸ் இயக்கத்தின் தோற்றத்தோடு பெயர் இணைந்த அதே ஹியூம்தான். பாடம் செய்த பறவைகளும் முட்டைகளுமாக ஏறத்தாழ 80,000 மாதிரிகளைத் திரட்டி வைத்திருந்த அவர், பிரம்மஞானக் கொள்கையின் தாக்கத்தால் புலால் துறந்து, பறவைகளைக் கொல்வதையும் நிறுத்தி, தம் தொகுப்பை 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்குக் கொடுத்துவிட்டார். அக்கொள்கையைப் பரப்பிய பிரம்மஞான சபை 1882 டிசம்பரில் தன் தலைமையகத்தை அடையாற்றின் தென்கரைக்கு, அதாவது இன்றைய ராஜா அண்ணாமலைபுரத்திற்கு நேர் எதிரே, கொண்டுவந்து சேர்த்தது. ஆற்றின் ஒரு கரையில் கிளப் வாழ்க்கையும், மறுகரையில் உயிர்க்கொலையை மறுக்கும் தோப்பும் எதிரெதிரே நின்றன.

அந்தத் தென்கரையிலிருந்து எழுந்த ஒரு முயற்சி இக்கலையின் போக்கையே இந்தியாவில் வரையறுத்தது. அதை விளங்கிக்கொள்ள, ஐரோப்பாவில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தை முதலில் காணவேண்டும். வேட்டைப் பருவம் முடிந்தபின் கைப்பழக்கம் விட்டுப்போகாதிருக்க, பெட்டியில் அடைத்த புறாக்களைக் கயிறிழுத்துத் திறந்துவிட்டுச் சுடும் போட்டிகள் அங்கே நடந்தன. புறாவை அடைத்த அந்தப் பொறியின் பெயரே 'டிராப்' என்று இன்றும் விளையாட்டின் பெயராக நீடிக்கிறது. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் உயிருள்ள புறாக்களைச் சுடும் போட்டி நடந்து, பெல்ஜியத்தின் லெயோன் தெ லுந்தன் 21 புறாக்களை வீழ்த்தி வென்றார். சுமார் 300 பறவைகள் மாண்ட அப்போட்டி அதன்பின் ஒலிம்பிக்கில் நடத்தப்படவே இல்லை. அதற்கு முன்பே அமெரிக்காவில் கண்ணாடி உருண்டைகளும், 1880இல் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகாவ்ஸ்கி உருவாக்கிய சுட்ட களிமண் தட்டும் புறாவுக்கு மாற்றாக வந்திருந்தன. பிரிட்டன் 1921இல் சட்டமியற்றி அடைபட்ட பறவைகளைச் சுடுவதைத் தடுத்தது.

இந்தியாவில் அத்தடை வந்த வழி அடையாற்று வழி. பிரம்மஞான சபையின் நிழலில் வளர்ந்து, 1936இல் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டபின், விலங்குவதைத் தடுப்புக்கெனத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டமியற்றும் என்று பிரதமர் நேரு அளித்த உறுதியை ஏற்று அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவே 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன் 11ஆம் பிரிவு, சுடுவதற்கென்றே விலங்குகளை அடைப்பிலிருந்து திறந்துவிடும் போட்டியை நடத்துவதையும் அதில் கலந்துகொள்வதையும் குற்றமாக்கியது. பரதநாட்டியத்தின் வரலாற்றில் ருக்மிணி தேவிக்குக் கிடைத்த இடம் பெரிது. துப்பாக்கி விளையாட்டின் வரலாற்றில் அவருக்குரிய இடத்தை ஒருவரும் எழுதியதாகத் தெரியவில்லை என்பது வருந்தத்தக்கது. 1962இல் விலங்கு நல வாரியம் அவரது தலைமையில் சென்னையிலேயே அமைந்தது.

உயிர்ப்பறவையின் இடத்தைத் தட்டு முழுமையாக எடுத்துக்கொண்டபோது, தட்டு பறவையைப் போல நடந்துகொள்ள வேண்டியதாயிற்று. இன்று தட்டில் களிமண் இல்லை. சுண்ணாம்புத் தூளும் கீலும் கலந்து வார்த்த அதன் விட்டம் 110 மில்லிமீட்டர், எடை 105 கிராம், அதாவது ஏறக்குறைய ஓர் உள்ளானின் எடை. ஒலிம்பிக் டிராப் போட்டியில் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் 15 எறிபொறிகள் மறைந்திருக்கும். 15 மீட்டர் பின்னால் நிற்பவர் குரல் கொடுத்ததும் அவற்றுள் ஒன்றிலிருந்து தட்டு பாயும். அது எந்தக் கோணத்தில், எந்த உயரத்தில் வரும் என்பது அவருக்குத் தெரியாது. எழும் திசை தெரியாத உள்ளானின் முன் நின்றவரின் நிலை இதுவே. ஸ்கீட் என்ற மற்றொரு போட்டி 1920களில் மாசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஆண்டோவரில் வேட்டைப் பயிற்சியாகவே தோன்றியது. உயர்ந்த கூண்டிலிருந்தும் தாழ்ந்த கூண்டிலிருந்தும் தட்டுகள் குறுக்கே பறக்க, அரைவட்டத்தில் எட்டு நிலைகளில் மாறிமாறி நின்று சுடவேண்டும். குரல் கொடுத்தபின் மூன்று நொடிவரை தட்டு தாமதிக்கலாம். அது தென்படும்வரை கட்டையை இடுப்பருகிலேயே தாழ்த்தி வைத்திருக்கவேண்டும். வயலில் நடப்பவர் துப்பாக்கியைத் தோளில் ஏற்றியபடி நடக்கமுடியாது என்ற பழைய உண்மை இங்கே விளையாட்டு விதியாகப் படிந்துள்ளது. டிராப்பில் தட்டு விலகி ஓடுவதால் பின்னாலிருந்து சுழற்றும் முறையும், ஸ்கீட்டில் பாதை முன்கூட்டியே தெரிவதால் இடைவெளி மாறாமல் உடன்செல்லும் முறையும் செல்வாக்குப் பெற்றன.

இந்தியாவில் இவ்விளையாட்டு முதலில் சமஸ்தானங்களின் வழியே வந்தது. வேட்டைக் குடும்பத்தில் பிறந்த பிகானேர் மன்னர் கர்ணி சிங் 1962இல் கெய்ரோ உலகப் போட்டியில் டிராப் வெள்ளியை வென்று, ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றார். இரட்டைத் தட்டுகளைச் சுடும் டபுள் டிராப்பில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் 2004இல் ஏதென்ஸில் வெள்ளி வென்றார். தமிழ்நாட்டில் இக்கலையைத் தாங்கி வந்தது, வளரி இருப்பு வைத்திருந்த அதே புதுக்கோட்டை அரச குடும்பம். அக்குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான், 2023இல் தோஹா உலகக் கோப்பையில் டிராப் வெண்கலமும், அதே ஆண்டு ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் கைனன் செனாய், சொராவர் சிங் சந்து ஆகியோருடன் சேர்ந்து 361 புள்ளிகளோடு அணித் தங்கமும் வென்று, 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் களமிறங்கினார்.

காட்டுப் பறவையைச் சுடுவதற்கிருந்த வழிகள் இதற்கிடையே ஒவ்வொன்றாக அடைபட்டன. 1887, 1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் பருவத்தை வரையறுத்தன; 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் உரிமத்தின்பேரில் சிலவகை வேட்டையை விட்டுவைத்தது; 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிமங்களையும் நீக்கியது. ராஜா அண்ணாமலைபுரத்துக் கழிமுக ஓரத்தில் குப்பை மூடிக் கிடந்த 58 ஏக்கர் மீட்டெடுக்கப்பட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

செப்டம்பரில் ஊசிவால் உள்ளான் இன்றும் தெற்குச் சென்னையின் ஈரநிலங்களில் வந்திறங்குகிறது. ஹியூம் காலத்தில் அதை விசிறிவாலிலிருந்து உறுதியாகப் பிரித்தறிய, சுட்டு வீழ்த்தி வாலிறகுகளைக் கையில் எண்ணிப்பார்க்க வேண்டியிருந்தது. இப்போது சேற்றோரம் காத்திருப்பவர்கள் கேமராவோடு வருகிறார்கள்; பறவை கரகரத்து எழும் கணத்தில், இரு கால்களையும் ஊன்றி, இடுப்பிலிருந்து உடலைச் சுழற்றி, லென்ஸைப் பறவையோடு உடன்செலுத்தி, பொத்தானை அழுத்திய பின்னும் சுழற்சியை நிறுத்தாமல் தொடர்கிறார்கள். அவ்வாறு எடுத்த படத்தில், விரிந்த சிறகின் பின்விளிம்பில் வெள்ளைக்கோடு தெளிவாக ஓடினால் அது விசிறிவால் உள்ளான். அக்கோடு இல்லையென்றால் ஊசிவால்.